பிரிட்டனின் ‘காஃப்’ கடைகளும் மலிவான பொரித்த காலை உணவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டனுக்கு வந்து சேரும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கண்ணாடியில் ஆவி படிந்த ஒரு சின்னக் கடை, உள்ளே பழைய மேசைகள், காலை ஏழரைக்கே இடமில்லை. அப்படி என்னதான் கிடைக்கிறது அங்கே என்று கேட்பவர்களுக்காக எழுதியது.

காஃப் என்பது எந்த மாதிரிக் கடை?

பலகையில் ‘கஃபே’ என்று எழுதியிருக்கும். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ‘காஃப்’. ‘கிரீசி ஸ்பூன்’ என்றும் சொல்வார்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய கரண்டி என்று. கேலிதான், ஆனால் பிரியத்தோடு. காலை ஆறு, ஏழு மணிக்குத் திறந்து பிற்பகல் மூன்று, நான்குக்குள் மூடிவிடுவார்கள். மது கிடையாது. கழுவித் துடைக்க வசதியான ஃபார்மிகா மேசை. அதன்மேல் கெட்சப், பிரௌன் சாஸ், வினிகர், உப்பு, மிளகு. சுவரில் நூறு அயிட்டம் எழுதிய பலகை. மதியத்துக்கு மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’, சிப்ஸ், ஈரலும் வெங்காயமும், கஸ்டர்ட் ஊற்றிய புட்டிங் எல்லாம் உண்டு. ஆனால் பெரும்பாலோர் வருவது நாள் முழுக்கக் கிடைக்கும் அந்தக் காலைத் தட்டுக்காகத்தான்.

தட்டில் என்னென்ன இருக்கும்?

பேக்கன், சாசேஜ், முட்டை, பேக்ட் பீன்ஸ், வதக்கிய தக்காளி, காளான். கூடவே டோஸ்ட், அல்லது கொழுப்பில் பொரித்த ரொட்டி. முட்டை நம் ஊர் ஆஃப் பாயில்தான். ஃபுல் பாயில் வேண்டுமென்றால் திருப்பிப் போடச் சொல்லலாம். பேக்கன் அமெரிக்காவில் கிடைப்பதுபோல் மொறுமொறுவென்று கொழுப்புக் கோடாக இருக்காது. பன்றியின் முதுகுப் பக்கத்து இறைச்சி, அகலமாக, கொஞ்சம் மென்மையாக இருக்கும். பிளாக் புட்டிங் என்பது பன்றி ரத்தத்தோடு கொழுப்பும் ஓட்ஸ் அல்லது பார்லியும் சேர்த்துச் செய்து வட்டமாக நறுக்கிய துண்டு. ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. ஆங்கிலேயர்களிலேயே பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள்.

ஹாஷ் பிரௌன் என்ற முக்கோண உருளைக்கிழங்குத் துண்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. பழைய ஆட்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. முந்தைய நாள் மிஞ்சிய உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் பிசைந்து கல்லில் போட்டு வாட்டும் ‘பப்பிள் அண்ட் ஸ்குவீக்’தான் அந்த இடத்துக்கு உரியது என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

ருசி அவ்வளவு பிரமாதமா?

இல்லை. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் சுமார் ரகம். பிரிட்டனின் சட்டப்படி ‘பன்றி இறைச்சி சாசேஜ்’ என்று விற்க அதில் 42 சதவீதம் இறைச்சி இருந்தால் போதும். மலிவுக் கடைச் சாசேஜ் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கும். மீதி ரஸ்க் தூள், தண்ணீர், கொழுப்பு. பீன்ஸ் டின்னிலிருந்து வருகிறது. ரொட்டி ஆலையில் அறுத்த வெள்ளை ரொட்டி. தக்காளி சில கடைகளில் அதுவும் டின்தான்.

எல்லாம் ஒரே தட்டில் சேரும்போது கதை வேறு. உப்புக் கரிக்கும் பேக்கன், இனிப்பும் புளிப்புமான பீன்ஸ் சாறு, உடைந்து வழியும் மஞ்சள் கரு, அதை வழித்தெடுக்க ஒரு துண்டு டோஸ்ட். ஒவ்வொரு வாயையும் நாமே கலந்துகொள்ள வேண்டும். சாம்பார் எவ்வளவு, கூட்டு எவ்வளவு என்று இலையில் தானே முடிவு செய்து பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ருசி சுமார் என்றால் கூட்டம் எதற்கு?

வசதி, ஏக்கம், பழக்கம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் கணக்கில் மலிவுதான் வேர். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தது.

விலை குறைவு என்பதால் யாரும் உள்ளே வரலாம். சிமெண்ட் ஒட்டிய பூட்ஸோடு கொத்தனார் வருவார், இரவுப் பணி முடித்த நர்ஸ் வருவார், பென்ஷன் வாங்கும் தாத்தா வருவார், பக்கத்து அலுவலக அதிகாரியும் வருவார். காலி நாற்காலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் உட்கார வேண்டும். பேசும் ஆங்கிலத்தின் தொனியை வைத்தே ஆளின் வர்க்கத்தை எடை போடும் நாடு இது. எந்தக் கடையில் நுழைகிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்பதும் அந்தக் கணக்கில் சேரும். அந்தக் கணக்கு கொஞ்ச நேரம் நிற்கும் இடங்கள் இங்கே அதிகமில்லை.

தனியாகச் சாப்பிடுவதை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள் என்பது இன்னொன்று. ரெஸ்டாரண்டில் ஒற்றை ஆளுக்கு மேசை கேட்டால் ஒரு கணம் தயங்குவார்கள். காஃப்பில் பாதிப் பேர் ஒற்றை ஆட்கள்தான். கையில் செய்தித்தாள், அல்லது போன். பரிமாறும் பெண்மணி உங்களை ‘லவ்’, ‘டார்லிங்’ என்று கூப்பிடுவார். இங்கிலாந்தின் நடுப்பகுதி ஊர்களில் ‘டக்’ என்பார்கள். புதிதாக வந்தவர்கள் திகைக்க வேண்டாம். எல்லோருக்கும் அதே அழைப்புதான், எண்பது வயதுக்காரருக்கும்.

கிழக்கு லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி, ஃபோர்னியர் தெருவில் வசிக்கும் கலைஞர்கள் கில்பர்ட்டும் ஜார்ஜும் வீட்டில் சமைப்பதே இல்லை. அந்தத் தெருவிலேயே இருந்த மார்க்கெட் கஃபேயில் சந்தைத் தொழிலாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவந்தார்கள். உலகப் புகழ் வந்தபிறகும் அதே கடைதான்.

இத்தனை மலிவாக எப்படிக் கொடுக்க முடிகிறது?

பலகையில் நூறு அயிட்டம் இருந்தாலும் சமையலறையில் இருப்பது பத்துப் பதினைந்து சாமான்தான். முட்டை, சிப்ஸ், பீன்ஸ், சாசேஜ், பேக்கன், ரொட்டி: இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தால் பலகை நிறைந்துவிடும். செட் 1, செட் 2 என்று எண் போட்டிருப்பதும் அதற்குத்தான். சாமான் வீணாவதில்லை.

சமையல் முழுக்க ஒரு பெரிய இரும்புக் கல்லில் நடக்கும். பேக்கனை முதலில் போட்டால் கொழுப்பு இறங்கும், அதிலேயே முட்டையும் ரொட்டியும் பொரிந்துவிடும். பீன்ஸ் சூடாகப் பாத்திரத்தில் காத்திருக்கும். கைப்பழக்கம் உள்ள ஒருவர் ஐந்தாறு நிமிடத்தில் தட்டை நீட்டிவிடுவார். சாப்பிடுபவர் இருபது நிமிடத்தில் எழுந்துவிடுவார், அடுத்த ஆள் உட்காருவார். மாலைக்குமுன் மூடிவிடுவதால் இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் வேண்டாம்.

அப்பா கல்லில், அம்மா கல்லாவில், பிள்ளைகள் பரிமாற என்று குடும்பமே உழைக்கும். அந்த உழைப்புக்குச் சம்பளக் கணக்கு எழுதினால் பல கடைகள் ஒரு வருடம் தாங்காது. எப்போதோ எடுத்த பழைய குத்தகையும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்று போனாலும் கடை மூடப்படும்.

பல நூற்றாண்டு மரபா இது?

அப்படித்தான் விளம்பரம் சொல்லும். பேக்கனும் முட்டையும் பழையவைதான். ஆனால் விக்டோரியா காலத்தில் பெரிய காலைப் பந்தி என்பது மாளிகைக்காரர்களின் விஷயம். சிறுநீரகம், மீன், நம் கிச்சடியிலிருந்து பிறந்த ‘கெட்ஜெரி’ எல்லாம் பக்கமேசையில் வரிசையாக இருக்கும். தொழிலாளி வீட்டில் பெரும்பாலும் ரொட்டியும் டீயும்தான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எல்லாமே ரேஷன். பேக்கனுக்கு 1940 ஜனவரியிலேயே ரேஷன் வந்தது, டீக்கு அதே வருடம் ஜூலையில். அப்போது ‘பிரிட்டிஷ் ரெஸ்டாரண்ட்’ என்ற பெயரில் உள்ளாட்சிகள் மலிவு உணவகங்கள் நடத்தின. 1943 வாக்கில் இரண்டாயிரத்துக்கும் மேல். சாதாரண மக்கள் வெளியே சாப்பிடப் பழகியதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. டீக்கு ரேஷன் போனது 1952 அக்டோபரில், முட்டைக்கு 1953-இல், இறைச்சிக்கும் பேக்கனுக்கும் 1954 ஜூலையில். இரண்டு முட்டை, இரண்டு சாசேஜ், பேக்கன் என்று தட்டு நிறைய, கூலிக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தது அதற்குப் பிறகுதான். ஃபார்மிகா மேசைகளும் அந்தக் காலத்தவை. வரலாறு என்று பார்த்தால் ஒரு தாத்தாவின் வயதுதான் இதற்கு.

பழைய கடைகளின் பலகையில் இத்தாலியப் பெயர் இருக்கிறதே?

இங்கிலாந்தின் தனி அடையாளம் என்று கொண்டாடப்படும் இந்தக் கடைகளைப் பெருமளவில் கட்டி எழுப்பியது இத்தாலியக் குடியேறிகள். லண்டனில் கிளார்க்கன்வெல் அவர்களுடைய பேட்டை. வேல்ஸ் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஊருக்கு ஊர் கஃபே திறந்தவர்களில் பலர் வட இத்தாலியின் பார்டி என்ற ஒரே மலையூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். அங்கே அந்தக் கடைகளுக்கு ‘பிராக்கி’ என்றே பெயர், முதலில் கடை போட்ட குடும்பத்தின் பெயரால். ஸ்காட்லாந்துக்குப் போனவர்களில் பலர் டஸ்கனியின் பார்கா ஊர்க்காரர்கள். ஒருவர் வந்து நிலைத்தால் மச்சானையும் தம்பியையும் அழைத்துக்கொள்வார். நமக்குத் தெரியாத கதையா?

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. அன்றிரவே பல ஊர்களில் இத்தாலியர் கடைக் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. முந்தின நாள் வரை டீ குடித்துவிட்டுப் போனவர்களும் கல்லெறிந்த கூட்டத்தில் இருந்திருப்பார்கள். இத்தாலிய ஆண்களைப் பிடித்துச் சிறைவைக்க அரசு உத்தரவிட்டது. அவர்களில் பலரைக் கனடாவுக்கு ஏற்றிச்சென்ற ‘அரண்டோரா ஸ்டார்’ கப்பலை ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. இறந்தவர்கள் 800-க்கும் மேல். பாதிக்கு மேற்பட்டோர் இத்தாலியர். கஃபே நடத்தியவர்கள், ஐஸ்கிரீம் விற்றவர்கள், பரிமாறியவர்கள். பார்டியில் அவர்களுக்கு ஒரு நினைவு ஆலயம் இருக்கிறது. இதன் பிறகும் மிஞ்சிய குடும்பங்கள் அதே தெருவில் ஷட்டரைத் தூக்கிக் கடையைத் திறந்தன என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இப்போது நடத்துவது யார்?

இத்தாலியப் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போக, லண்டனில் பல கடைகள் சைப்ரஸிலிருந்து வந்த கிரேக்கர்கள், துருக்கியர்கள், துருக்கியிலிருந்து வந்த குர்துகள் கைக்கு மாறின. அதனால்தான் பலகையின் ஒரு ஓரத்தில் ஹலூமி சீஸ், காரச் சாசேஜான சுஜுக், சிவந்த தக்காளிக் குழம்பில் வேகும் முட்டை எல்லாம் இடம்பிடித்தன. சில கடைகள் பகலில் பொரித்த முட்டையும் மாலையில் தாய்லாந்துச் சாப்பாடும் போடும். பேக்கன் கடையை இஸ்லாமியக் குடும்பம் நடத்துவதும் சாதாரணம்.

லண்டனில் எங்கே போய்ப் பார்க்கலாம்?

ஒன்றுதான் முடியும் என்றால் பெத்னல் கிரீன் ரோட்டில் உள்ள ‘ஈ. பெலிச்சி’. 1900 முதல் ஒரே குடும்பம் நடத்துகிறது. பெயரிலுள்ள ‘ஈ’, கணவர் இறந்தபின் கடையை ஏற்று நடத்திய எலிடே என்ற அம்மாளைக் குறிக்கிறது. வெளியே வெளிர்மஞ்சள் கண்ணாடிப் பலகைகள். உள்ளே 1946-இல் செய்த மரச்சித்திர வேலைப்பாடு சுவர் முழுக்க. 2005-இல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. ஒரு காலைச் சாப்பாட்டுக் கடைக்கு இந்த மரியாதை அபூர்வம். கிழக்கு லண்டனை ஆட்டிவைத்த ரவுடிகள் கிரே இரட்டையர்கள் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவர்கள், இங்கே வாடிக்கைக்காரர்கள். அதைக் கேட்கவே பலர் வருகிறார்கள். சுவரைப் பார்க்க வருவது மேல்.

வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் ‘ரீஜென்சி கஃபே’, 1946-இல் தொடங்கியது, கருப்பு ஓடு பதித்த முகப்பு. கல்லாவில் சொல்லிப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உங்கள் தட்டு தயாரானதும் அதிலுள்ள ஒவ்வொன்றையும் கடையே அதிரும்படி அறிவிப்பார்கள். போய் வாங்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு நல்ல மருந்து.

சாலையோரம் நிற்கும் பச்சை நிற மரக் கொட்டகைகளையும் விடக்கூடாது. வண்டியைத் தனியே விட்டுப் போகக்கூடாது என்ற விதியால் மழையிலும் பனியிலும் அவதிப்பட்ட குதிரைவண்டிக்காரர்களுக்காக 1875 முதல் ஒரு அறக்கட்டளை கட்டியவை. பொதுச் சாலையில் நிற்பதால் ஒரு குதிரையும் வண்டியும் பிடிக்கும் இடத்தைத் தாண்டக்கூடாது என்பது அளவு. 61 கட்டினார்கள், 13 மிஞ்சியிருக்கின்றன. ரசல் ஸ்குவேரில் ஒன்று. உள்ளே உட்காரும் உரிமை டாக்சி ஓட்டுநர்களுக்கு மட்டும். நாம் ஜன்னலில் பேக்கன் ரோல் வாங்கி நின்றபடியே சாப்பிடலாம்.

மோட்டார் சைக்கிள் பிரியர்கள் வடக்கு வட்டச்சாலையிலுள்ள ‘ஏஸ் கஃபே’யை அறிவார்கள். 1938-இல் லாரிக்காரர்களுக்காகத் திறந்து, 1969-இல் மூடி, 2001-இல் மீண்டும் திறந்தது.

மற்ற ஊர்களிலும் இதே தட்டுதானா?

ஸ்காட்லாந்தில் சதுரமான லோர்ன் சாசேஜ், உருளைக்கிழங்கு ஸ்கோன், சில சமயம் ஆட்டின் உள்ளுறுப்புகளை ஓட்ஸோடு சேர்த்து வேகவைத்த ஹாகிஸ். வட அயர்லாந்தில் சோடா ரொட்டியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் இல்லாமல் அது ‘அல்ஸ்டர் ஃப்ரை’ ஆகாது. வேல்ஸில் கடற்பாசியை வேகவைத்து மசித்த லேவர்பிரெட், கூடச் சிப்பி. ஸ்டோக் பக்கம் போனால் ஓட்கேக். ஓட்ஸ் மாவில் கல்லில் வார்த்த தோசை என்றே சொல்லிவிடலாம், உள்ளே பேக்கனும் சீஸும்.

சைவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா? மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் என்ன செய்வது?

ஏறக்குறைய எல்லாக் கடையிலும் ‘வெஜி பிரேக்ஃபாஸ்ட்’ உண்டு: சைவச் சாசேஜ், முட்டை, பீன்ஸ், காளான், தக்காளி. சிக்கல் கல்லில்தான். பேக்கன் பொரிந்த அதே கொழுப்பில் உங்கள் முட்டையும் காளானும் வெந்திருக்கும். கண்டிப்பானவர்கள் பொரித்த ரொட்டியைத் தவிர்த்து, டோஸ்டின்மேல் பீன்ஸ் கேட்பது பத்திரம். டின் பீன்ஸில் இறைச்சி கிடையாது.

வழக்கமான தட்டில் இருப்பது பன்றிதான், மாடு இல்லை. ஆனால் ஸ்காட்லாந்தின் லோர்ன் சாசேஜில் மாட்டிறைச்சி உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்கு லண்டன், பர்மிங்காம், பிராட்ஃபோர்ட் போன்ற இடங்களில் ஹலால் கடைகள் வான்கோழி அல்லது மாட்டு ‘பேக்கன்’ வைத்து அதே தட்டைத் தருகின்றன.

அந்தப் பிரௌன் சாஸ் என்ன? டீ ஏன் இவ்வளவு கறுப்பு?

சாஸில் ஹெச்.பி. பிரபலம். பாட்டிலில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படம் இருக்கும், பெயரும் அதன் சுருக்கம்தான். வாயில் வைத்ததும் ஏதோ பழகிய ருசி என்று தோன்றினால் வியப்பில்லை: வினிகர், தக்காளி, பேரீச்சம்பழத்தோடு அதில் புளியும் சேர்கிறது. இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் தேசியச் சின்னமாக மதிக்கும் அது 2007 முதல் நெதர்லாந்தில் தயாராகிறது என்பது வேறு விஷயம்.

டீ பெரிய மக்கில், பால் ஊற்றியே வரும். கட்டட வேலைக்காரர் பெயரால் ‘பில்டர்ஸ் டீ’. இலையாக இல்லாமல் நசுக்கி உருட்டிய சி.டி.சி. தூள் என்பதால் சட்டென்று சாறு இறங்கும். பெரும்பகுதி கென்யாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வருவது. நம் ஊர் டீக்கடைத் தூளும் இதே ரகம்தான். நாம் பாலோடு கொதிக்க வைக்கிறோம், இவர்கள் வைப்பதில்லை.

உடம்புக்கு ஆகுமா?

செங்கல் சுமப்பவருக்கு ஆகும். மேசை வேலைக்காரருக்கு எப்போதாவது. பேக்கனும் சாசேஜும் பதப்படுத்திய இறைச்சி. அந்த வகையைப் புற்றுநோய் வரவழைப்பவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2015-இல் சேர்த்தது.

ஏன் இத்தனை கடைகள் மூடப்படுகின்றன?

வாடகைதான் முதல் காரணம். சோஹோ அருகில் 1951 முதல் இருந்த ‘நியூ பிக்காடில்லி’ 2007-இல் மூடியது. கூட்டம் குறைந்து மூடப்படுவதைவிடக் குத்தகை முடிந்து மூடப்படுவதே நிறைய. அடுத்தது வரி. அரிசி பருப்பு போல முட்டை, ரொட்டி, இறைச்சிக்கெல்லாம் இங்கே மதிப்புக் கூட்டு வரி இல்லை. அதையே பொரித்துத் தட்டில் வைத்தால் 20 சதவீதம் வரி. வாங்கிய சாமானில் கட்டாத வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. ஆண்டு விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டாத கடைகளுக்கு இது கட்டாயமில்லை; ஆனால் லண்டனில் அந்த அளவு விற்பனையில் வாடகை கொடுக்க முடியாது. எதிர்ப்பக்கம் வெதர்ஸ்பூன் மாதிரிச் சங்கிலிப் பப்கள் மொத்தக் கொள்முதலில் அதே தட்டைப் போடுகின்றன.

இதன் விளைவு, லண்டனில் ஒரு செட் இப்போது பொதுவாக 8 முதல் 12 பவுண்டு ஆகிவிட்டது. மலிவு என்று சொல்ல வாய் கூசுகிறது. இன்னொரு பக்கம், பழைய காஃப் தோற்றத்தையே வியாபாரமாக்கும் புதுக் கடைகள் வந்துவிட்டன. 2020-இல் வடக்கு லண்டனில் திறந்த ‘நார்மன்ஸ்’ இன்ஸ்டாகிராமில் புகழ்பெற்றது. 2023-இல் பர்பெரி நிறுவனம் ஃபேஷன் வாரத்துக்காக அந்தக் கடையைத் தன் கட்டம் போட்ட துணி வடிவத்தில் அலங்கரித்தது. முட்டையும் சிப்ஸும் அங்கே நன்றாகவே இருந்திருக்கும். ஆயிரம் பவுண்டு கோட்டு விற்கும் கம்பெனி கடன் வாங்கிய அழகு அது. பூட்ஸோடு வரும் கொத்தனாருக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

முதல்முறை போகிறவர் என்ன செய்ய வேண்டும்?

இடம் பிடித்து உட்காருவதா, கல்லாவில் சொல்வதா என்பது கடைக்குக் கடை மாறும். முன்னால் நிற்பவர் செய்வதைச் செய்யுங்கள். செட் எண்ணைச் சொன்னால் போதும். ஒன்று பிடிக்காவிட்டால் “காளானுக்குப் பதில் இன்னொரு முட்டை” என்று கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டீயா காபியா, டோஸ்டா பொரித்த ரொட்டியா என்று கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும். டிப்ஸ் கட்டாயமில்லை, மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வந்தால் நல்லது. கார்டு வாங்காத கடைகள் இன்னும் இருக்கின்றன, பத்து இருபது பவுண்டு நோட்டாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் டீயோடு உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மட்டும், வாசலில் ஆள் நின்றால் எழுந்து இடம் விடுங்கள்.